பிணங்களால் கொள்ளைநோய் வராது

வெள்ளமோ நிலச்சரிவோ எங்கே நடந்தாலும், இரண்டாம் நாளே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். "உடல்களை உடனே புதைக்காவிட்டால் கொள்ளைநோய் பரவும்." டி.வி. விவாதத்திலும் யாராவது ஒருத்தர் இதையே சொல்வார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் தப்பு. அந்தத் தப்புக்கு என்ன விலை என்று நாகப்பட்டினத்தில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் நிலநடுக்கம். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. 'சுனாமி' என்ற வார்த்தையையே நம்மில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். லீவு நாள், பிள்ளைகள் எல்லாம் மணலில் விளையாடிக்கொண்டிருந்த நேரம். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த கூட்டம் வேறு.

நான் அப்போது ஹவுஸ் சர்ஜன். மறுநாள் எங்களை ஒரு வேனில் ஏற்றி அனுப்பினார்கள். காயத்துக்குத் தையல் போடணும், சலைன் ஏத்தணும் என்று நினைத்துப் போனோம். அங்கே வைத்தியத்துக்கு வந்தவர்கள் நாங்கள் நினைத்த அளவு இல்லை. கடலலை அப்படித்தான். ஒன்று ஆளைக் கொண்டுபோய்விடும், இல்லாவிட்டால் விட்டுவிடும்.

அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் படகுகள் வீட்டுக்கு மேல் ஏறிக் கிடந்தன. மீனவ இளைஞர்களும், ஜமாத் ஆட்களும், வேறு ஊர்களிலிருந்து லாரியில் கூட்டி வரப்பட்ட துப்புரவுப் பணியாளர்களும்தான் உடல்களை எடுத்தார்கள். பல பேருக்குக் கையுறைகூட இல்லை. (அவர்களில் எத்தனை பேரை நாம் இன்றைக்கு நினைக்கிறோம்?) பொக்லைன் குழி தோண்டும். உடல்களை இறக்குவார்கள். மேலே சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், மண். "சீக்கிரம், சீக்கிரம், வியாதி வந்துரும்" என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். கேரளாவில் மீன்பிடி வேலைக்குப் போயிருந்தவர். பஸ் மாறி மாறி ஊர் வந்து சேர அவ்வளவு நேரமாகிவிட்டது. ஆறு வயசுப் பெண்ணைத் தேடினார். கொலுசில் ஒரு பக்கம் திருகு உடைந்து சிவப்பு நூல் கட்டியிருக்கும், அதுதான் அடையாளம் என்றார். சின்னப் பிள்ளைகளை எல்லாம் நேற்றே புதைச்சாச்சு என்று யாரோ சொன்னார்கள்.

"எந்தக் குழிங்க?" என்று கேட்டார்.

பதில் சொல்ல ஆள் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் எண்ணிக்கை இருந்தது. ஆண் இத்தனை, பெண் இத்தனை, குழந்தை இத்தனை. கொலுசு எழுதியிருக்கவில்லை.

இப்போது மருத்துவத்துக்கு வருகிறேன். அலையிலோ மண்சரிவிலோ இறந்தவர் நோயால் சாகவில்லை. மூச்சுத் திணறி, அடிபட்டு இறந்திருக்கிறார். அதற்கு முன்னால் உங்களையும் என்னையும் போல நடமாடிக்கொண்டிருந்தவர். அவர் உடம்பில் இல்லாத காலரா, இறந்த பிறகு எங்கிருந்து வரும்? இருக்கிற கிருமிகளிலும் பெரும்பாலானவை இறந்த உடம்பில் அதிக நாள் தாங்காது. ஒரு விதிவிலக்கு உண்டு. காலராவாலேயோ எபோலாவாலேயோ இறந்தவரின் உடலில் ஆபத்து இருக்கிறது. அது வேறு கதை. உடலைத் தூக்குகிறவர்களுக்கு ரத்தம், மலம் வழியாகத் தொற்ற கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அதற்குக் கையுறை, பூட்ஸ், சோப்புப் போட்டுக் கைகழுவுவது போதும். உடல் மேல் கொட்டுகிற சுண்ணாம்பும் பவுடரும் தொற்றைத் தடுப்பதில்லை.

பேரிடருக்குப் பிறகு நோய் பரப்புவது உயிரோடு இருக்கிற நாம்தான். ஒரு மண்டபத்தில் ஐந்நூறு பேர், இரண்டு கக்கூஸ், கலங்கிய தண்ணீர். வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் அங்கேதான் கிளம்பும். நாகையில் தண்ணீரில் குளோரின் கலந்தார்கள், முகாம் முகாமாகப் போய்க் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். பொது சுகாதாரத் துறை ஊழியர்கள் அருமையாக வேலை செய்தார்கள். பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. ஆனால் பேர் என்னவோ குழிக்குப் போய்விட்டது. "உடனே புதைச்சதாலதான் தப்பிச்சோம்" என்று இன்றைக்கும் படித்தவர்களே சொல்கிறார்கள்.

"ஆயிரக்கணக்கான உடல்களை எங்கே டாக்டர் வைக்கிறது? அழுகாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவ்வளவு குளிர்பதன வசதி எந்த ஊரிலும் கிடையாது. புதைக்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் ஓர் உடலுக்குச் சில நிமிடம் செலவழியுங்கள் என்பதுதான் என் வாதம். உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 2006-இல் வெளியிட்ட கையேடு இதைத்தான் சொல்கிறது. கேரளாவில் 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவு நடந்தபோது, அடையாளம் தெரியாதவர்களின் மரபணு மாதிரியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் எண் போட்டுப் புத்துமலையில் புதைத்தார்கள். பின்னால் ஒத்துப்போனால் "இதுதான் உங்க ஆள்" என்று கைகாட்ட ஓர் இடம் இருக்கும்.

அந்த இடம் இல்லாதவர்களை நான் ஓ.பி.யில் பார்த்திருக்கிறேன். சுனாமி முடிந்து பத்து வருடம் கழித்து ஒரு அம்மா தலைவலி, தூக்கமில்லை என்று வந்தார். ஸ்கேன் எல்லாம் நார்மல். மூன்றாவது முறை வந்தபோதுதான் பையனைப் பற்றிப் பேசினார். திதி கொடுப்பதில்லை. "செத்தவனுக்குத்தானே சார் குடுக்கணும்?" என்றார். இலங்கையில் கல்முனை ஆஸ்பத்திரியில் 81-ஆம் எண்ணோடு இருந்த கைக்குழந்தையை மரபணுச் சோதனை செய்து பெற்றவர்களிடம் சேர்த்தார்களே, அந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்துப் பையில் வைத்திருந்தார். தன் பையனும் எங்கேயோ வளர்கிறான் என்று நம்பிக்கை. நான் மாத்திரை எழுதினேன், மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது ஒரு குழி எண்.

2004-இல் யார் கையில் கேமரா இருந்தது? இன்றைக்கு உடல் எடுக்கப் போகிற ஒவ்வொரு தன்னார்வலர் பையிலும் போன் இருக்கிறது. அதனால் மீட்பு வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு: முதலில் முகத்தைக் கழுவுங்கள். முதல் நாளே படம் எடுங்கள், மூன்றாம் நாள் முகம் பெற்ற தாய்க்கே தெரியாது. முகம், முழு உடல், துணி, தழும்பு, பச்சை, அரைஞாண், கொலுசு. ஒவ்வொரு படத்திலும் எண் தெரியணும். அதே எண்ணை நனையாத அட்டையில் எழுதி உடலில் கட்டுங்கள், குழியிலும் நடுங்கள். உடல்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடாமல் வரிசையாக வையுங்கள். அடையாளம் தெரியாத உடலை எரிக்கவே கூடாது. படங்களை குரூப்பில் போடாதீர்கள், பொறுப்பு அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள். யாராவது வந்து "வியாதி வந்துரும், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினால் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.