யானையும் தலைவிதியும்

காட்டு யானை ஒருவனை அடித்துக் கொன்றுவிட்டால், நம் ஜனங்கள் அதற்குச் சொல்லும் காரணமெல்லாம் “அவன் விதி அவ்வளவுதான்” என்பதேயாகும். அந்த விதி ஏன் தோட்டத் தொழிலாளியையும் ஏழைக் குடியானவனையும் மாத்திரம் தேடித் தேடிப் போகின்றது என்று கேட்பாரில்லை. சர்க்காரும் நஷ்டஈடு கொடுத்துவிட்டால் தங்கள் கடமை தீர்ந்ததாக எண்ணிவிடுகிறார்கள்.

ஆனால், வால்பாறையில் நடந்திருக்கும் காரியம் இந்த விதியின் யோக்கியதையை வெளியாக்கிவிட்டது. அங்கே சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காடுகள் துண்டு துண்டாய்க் கிடக்கின்றன. யானைகள் ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குத் தோட்டங்களின் வழியாகத்தான் போயாக வேண்டும். மாண்டவர்களைப் பற்றி விசாரித்துப் பார்த்ததில், அவர்களில் பலர் எதிரில் யானை நிற்பது தெரியாமலேயே இருட்டில் நடந்து போய் மாட்டிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. ஆகவே, அங்கே குறைவாயிருந்தது பூசையல்ல, தகவலேயாகும்.

2011-ஆம் ஆண்டு வாக்கில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனைச் சேர்ந்தவர்களும் வனத்துறையினரும் யானை நிற்குமிடத்தைச் செல்போன் செய்தியாக ஜனங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தூரத்திலிருந்தே தெரியும்படி மேடான இடங்களில் சிவப்பு விளக்குகளை நட்டு, பக்கத்தில் யானையிருந்தால் ஒரு போன் செய்து அவற்றை எரிய வைத்தார்கள். சாவுகள் குறைந்தன. விதி அந்தச் சிவப்பு விளக்குக்குப் பயந்துவிட்டது போலும்!

ரயில் விஷயமும் அப்படியே. 2021 நவம்பரில் மதுக்கரைக்கு அருகில் ரயில் மோதி 3 யானைகள் மாண்டன. 2024 பிப்ரவரியில் அங்கே 12 கோபுரங்கள் மீது, உடற்சூட்டைக் கொண்டு இருட்டிலும் யானையைக் கண்டுபிடிக்கும் காமிராக்களை வைத்தார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரயில்காரர்களுக்குச் செய்தி போய்விடுகிறது.

யானைத் தலையை வைத்துக் கும்பிடுகிற நாட்டிலேயே, வயல் வேலியில் திருட்டுத்தனமாய் மின்சாரத்தைப் பாய்ச்சி யானையைக் கொல்வதும் நடக்கிறது. விட்டு விட்டுப் பாயும் சூரியசக்தி வேலி யானையைத் துரத்துமேயொழியக் கொல்லாது. அதை வாங்கக் குடியானவனுக்குப் பணம் கொடுப்பது யார்?

நிற்க, கருவி செய்தியைத்தான் சொல்லும். வழியில் யானை நிற்கிறதென்று போன் சொல்லியும், சாயங்காலத்தில் வேறு பஸ் இல்லாத தொழிலாளி அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வழியே வீட்டுக்குப் போவான்? இரவில் கக்கூசுக்கு வெளியே போக வேண்டியிருக்கும் பெண் என்ன செய்வாள்? தோட்ட முதலாளிகளும் சர்க்காரும் இதற்கு என்ன பதில் சொல்லுகிறார்கள் என்று கேட்கின்றோம்.