அவனோட சேராதே!

"அந்தப் பையனோட ரொம்பப் பழகாதே. அவனும் உன்னை மாதிரிதானே? ரெண்டு பேரும் சேர்ந்தா இன்னும் கெட்டுப் போயிடுவீங்க."

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த மாமா காபி குடித்துக்கொண்டே சொன்னது. பெரியவர், எதிர்த்துப் பேச முடியவில்லை. அதனால் சண்டையை இங்கே வைத்துக்கொள்கிறேன் :-)

விஷயம் இதுதான் மக்களே. எனக்கு இரண்டு வருஷமாக பானிக் அட்டாக் வருகிறது. திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், இதோ செத்துவிடப் போகிறோம் என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஈசிஜி எடுத்தால் இதயம் நன்றாக இருக்கிறது என்பார்கள். முதல் தடவை வந்தது காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையில். "படிக்காதவன் போடுற டிராமா" என்று வகுப்பில் சிரித்தார்கள். (அவர்களும் இதைப் படிப்பார்கள். கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.)

தஞ்சாவூரில் டாக்டருக்காகக் காத்திருந்தபோதுதான் அவன் அறிமுகமானான். கூட்டமான பஸ்ஸில் ஏறவே மாட்டேன் என்றான். அடப்பாவி, நானும்தான்! இப்போது சாயங்காலங்களில் புஷ்ய மண்டபப் படித்துறையில் காவிரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்கு வந்தால் மற்றவர்கள் "ஒண்ணும் இல்லடா, தைரியமா இரு" என்பார்கள். அவன், "வந்துடுச்சா? வந்துட்டுப் போகட்டும், நான் இங்கதான் இருக்கேன்" என்பான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மாமா தினமும் காலையில் நடக்கப் போவது மூன்று சர்க்கரை வியாதிக்காரர்களோடு. அதனால் சர்க்கரை ஏறிவிடும் என்று யாரும் சொல்வதில்லையே! 1935-ல் அமெரிக்காவில் குடிப்பழக்கத்தோடு போராடிய இரண்டு பேர் மனம்விட்டுப் பேசியதில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதில் ஒருவர் டாக்டர்!

மனநோய் உள்ளவர்கள் ஒன்றாக இருப்பது நமக்குப் புதிதும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தார்கள். நாமாகக் கட்டிப்போட்டால் அது சிகிச்சை, அவர்களாகச் சேர்ந்து உட்கார்ந்தால் ஆபத்து. என்ன நியாயம் சார் இது?

சென்னையில் 1993-ல் தொடங்கப்பட்ட 'தி பேன்யன்' அமைப்பு 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்று நடத்துகிறது. மனநல மையங்களிலேயே வருஷக்கணக்கில் இருந்துவிட்டவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். யாரோடு இருப்பது என்பதில் அவர்கள் விருப்பத்துக்கு இடம் உண்டு. சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், உதவிக்குப் பணியாளர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதை நல்ல உதாரணமாகக் காட்டியிருக்கிறது. மாமா சொல்கிறபடி இவர்கள் எல்லோரும் 'இன்னும் கெட்டு' அல்லவா போயிருக்க வேண்டும்?

அவர் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒருவன் மாத்திரையை நிறுத்தினால் மற்றவனும் நிறுத்தலாம். ஒருவனின் சோர்வு மற்றவனையும் இழுக்கலாம். அதனால் எங்களுக்குள் ஒப்பந்தம்: மாத்திரை விஷயம் டாக்டர் பாடு. தாங்க முடியாத ராத்திரி வந்தால் வீட்டில் எழுப்புவது, இல்லாவிட்டால் 14416-க்கு (டெலி மானஸ்) போன் போடுவது. நட்பு வைத்தியத்துக்குப் பதில் ஆகாது. ஆனால் வைத்தியமும் நட்புக்குப் பதில் ஆகாதே!

பி.காம். பாஷையில் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்த இரண்டு வருஷமும் எல்லோரிடமும் ஆறுதல் கடன் வாங்கிக்கொண்டே இருந்தேன். போன வாரம் படித்துறையில் அவனுக்கு வந்தது. "நான் இங்கதான் இருக்கேன்" என்று இந்தத் தடவை நான் சொன்னேன். கணக்கில் முதல் முறையாக என் பக்கத்திலிருந்தும் ஒரு பதிவு.

மாமா, அடுத்த தடவை நீங்கள் வரும்போது அவனையும் வீட்டுக்குக் கூப்பிடப் போகிறேன். அசோகா வாங்கி வைக்கிறேன். மூன்று பேருமாகச் சாப்பிடலாம். உங்களுக்கு மட்டும் கொஞ்சமாக :-)