ஆடுவோனும் ஆசானும்

ஆரணிப் பட்டை வாங்குவோர் அதன் கரையழகைக் கண்டு வியப்பர். தறியில் அமர்ந்து நெய்தவரையும் ஒருகால் நினைப்பர். ஆனால், பழம் பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துத் தந்த கைகளை எவரும் வினவுவதில்லை. அப்பிணைப்புத் தளருமாயின் தறி நின்றுவிடும். விளையாட்டுத் துறையிலும் இத்தகைய கைகள் உள. அவையே பயிற்றும் ஆசானின் கைகள்.

ஆடிப் பெரும்புகழ் பெற்றவனே ஆட்டம் பயிற்றத் தக்கவன் என்னும் கருத்து நம்மிடை வேரூன்றியுள்ளது. அது பொருந்தாதென்பது எம் துணிபு. சான்று ஒன்று காட்டுதும்.

2017ஆம் ஆண்டில் இந்தியக் கிரிக்கெட்டு அணிக்குப் பந்து வீச்சு ஆசான் வேண்டியபோது, டெஸ்ட்டு ஆட்டங்களில் 311 விக்கெட்டு வீழ்த்திய சாகீர் கானின் பெயரே முதலில் அறிவிக்கப்பெற்றது. தலைமைப் பயிற்சியாளர் ரவி சாஸ்திரியோ, தமிழ்நாட்டு அணியின் பழைய வீரர் பரத் அருணையே விரும்பினார். முடிவில் அருணே அமர்த்தப்பெற்றார். இந்தியாவுக்காக இவர் ஆடியவை 2 டெஸ்ட்டு ஆட்டங்களும் 4 ஒருநாள் ஆட்டங்களுமே. புகழையே அளவுகோலாகக் கொள்வோர்க்கு இத்தேர்வு விந்தையாகத் தோன்றும். ஆயின், 2012இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை வென்ற இந்திய அணியைப் பயிற்றியவர் இவர். ஐதராபாத் அணியின் ஆசானாக இருந்து முகமது சிராசை உருவாக்கியவரும் இவரே.

இவ்வுழைப்பின் பயன் 2021 சனவரியில் பிரிஸ்பேன் நகரில் விளங்கிற்று. முன்னணிப் பந்து வீச்சாளர் பலரும் காயமுற்றிருந்தனர். களமிறங்கிய வீச்சாளர் ஐவரும் அதற்குமுன் ஆடியிருந்த டெஸ்ட்டு ஆட்டங்கள், எல்லாம் சேர்த்து நான்கே. அவருள் ஒருவர் சின்னப்பம்பட்டித் தறித்தொழிலாளியின் மகன் நடராசன். வலைப்பயிற்சியில் பந்து வீசுதற்கென்றே அப்பயணத்தில் சேர்க்கப்பெற்றவர். ஆயினும் ஆஸ்திரேலியரின் 20 விக்கெட்டுகளும் வீழ்ந்தன. இரண்டாம் முறை சிராசு ஒருவரே ஐவரை வீழ்த்தினார். இந்தியா 3 விக்கெட்டு வேறுபாட்டில் வென்று, தொடரையும் 2–1 எனக் கைக்கொண்டது.

இவ்வெற்றி மட்டையாளர்க்கும் உரியதன்றோ எனின், உரியதே. பெருவீரர் பயிற்றத் தகார் என்பதும் எம் கூற்றன்று. ஆடுதல் ஓர் ஆற்றல்; பிறரை ஆடச் செய்தல் வேறோர் ஆற்றல். முன்னதைக் கொண்டு பின்னதை அளத்தல் பிழை என்பதே யாம் கூறுவது.

மாணவத் தோழர்களே, அணியில் இடம் பெறாத நம்மவர் பலர் தம்மைப் பயனற்றவராக எண்ணி மைதானத்தை விட்டு நீங்குகின்றனர். அவருள் நல்லாசான் எத்துணையர் மறைந்துள்ளனரோ! அவர்க்கு இளைய மாணவரைப் பயிற்றும் பணியை ஈதல் வேண்டும். வெற்றிப் பலகையில் அணித்தலைவர் பெயருக்கு அருகே பயிற்றியவர் பெயரையும் பொறித்தல் வேண்டும். பணிவிடை செய்வோனே பெரியோன் என்பது திருமறை பயிலும் நமக்குப் புதிய பாடமன்று. அதனை விளையாட்டிலும் கைக்கொள்வோமாக.