எஃப்-1 என்பது சாதிச் சான்றிதழ் அன்று

சீத்தா கேம்பில் ஒற்றை அறைக் 'கோலி'யில் வாழும் குடும்பம் ஒன்று நாய் வளர்க்க எண்ணினால், அதன் கண் இயல்பாகவே சிறிய நாயின்மீது விழும். இது பெரிதாக வளராது, முடி கொட்டாது, மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கும் ஒவ்வாமை தராது என்று விற்பவர் அடுக்குவார். அத்தனைக்கும் ஆதாரமாக அவர் காட்டுவது ஒரே ஒரு குறியீடு: 'எஃப்-1'. பூடிலுக்கும் பொமரேனியனுக்கும் பிறந்த முதல் தலைமுறை என்பது அதன் பொருளாம். அறிவியலின் ஒலி இருப்பதால் அச்சொல் கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. படித்தவர்களும் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்பதே இங்குக் கண்டிக்கப்பட வேண்டியது.

இக்குறியீட்டை 1902இல் வகுத்தவர்கள் வில்லியம் பேட்சனும் அவருடன் பணியாற்றிய சாண்டர்சும். மெண்டலின் பட்டாணிச் சோதனைகளை விளக்கும்போது, கலப்பில் பிறந்த முதல் மகவுத் தலைமுறையை எஃப்-1 என்றும், அம்மகவுகள் தமக்குள் இணைந்து ஈன்றவற்றை எஃப்-2 என்றும் அவர்கள் குறித்தனர். எஃப்-1ஐ மீண்டும் பெற்றோர் இனங்களுள் ஒன்றோடு இணைப்பதை இன்றைய நாய் வணிகம் 'எஃப்-1பி' என்கிறது. இந்த எண்கள் எதையேனும் முன்னறிவிக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு: தொடக்கப் பெற்றோர் இருவரும் தத்தம் பண்பில் பிறழாது ஈனும் வழியினராக இருத்தல் வேண்டும். மெண்டல் தம் பட்டாணி வகைகளை முதலில் ஈராண்டு சோதித்துப் பார்த்தது இதற்காகத்தான்.

நிபந்தனை நிறைவேறியதாகவே வைத்துக்கொள்வோம். இன நாய்களின் முடி வேறுபாட்டிற் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்பதை 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஒன்று முடியின் நீளத்திற்கு, ஒன்று சுருளுக்கு, ஒன்று முகத்தில் மீசையும் புருவமும் போல் வளரும் முடிக்கு. பொமரேனியன் நீள முடியுடையது. மீசையும் சுருளும் அற்றது. பூடிலுக்கு மூன்றும் உண்டு. மீசை ஓங்கு பண்பு; ஆகவே எஃப்-1 குட்டிகள் அனைத்துக்கும் அது வரும். சுருளோ முழுமையாக ஓங்காது. எனவே அவற்றின் முடி அலையலையாக இருக்கும். இந்த ஒருமையைக் கண்டு மயங்கி இரு எஃப்-1 நாய்களை இணைத்தால், அடுத்த தலைமுறையில் அடக்கம் குலைகிறது. நான்கில் ஒரு பங்குக் குட்டிகளுக்கு மீசை இராது. நான்கில் ஒரு பங்கிற்கு முடி நேராக இருக்கும். பதினாறில் ஒன்று முடியளவில் பொமரேனியப் பாட்டியையே ஒத்திருக்கும். இவை நிகழ்தகவுகள். ஓர் ஈற்றில் பிறக்கும் நான்கைந்து குட்டிகளுள் எது எப்படி அமையும் என்பதைத் தலைமுறை எண் சொல்லாது.

நடைமுறையில் அந்த நிபந்தனையும் நிறைவேறுவதில்லை. இந்நாட்டில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் நாய்களுட் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் வகையின. அவற்றுட் பலவற்றின் முன்னோர் யார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. தாயே பல தலைமுறைக் கலப்பாக இருக்கையில் குட்டியை எஃப்-1 என்பது, தொடக்கப் புள்ளி தெரியாத பாதையில் மைல்கல் நடுவதற்கு ஒப்பாகும்.

ஒவ்வாமை பற்றிய உறுதிமொழி இதனினும் ஆபத்தானது. 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர், கணவரின் ஒவ்வாமையால் வழிகாட்டி நாய் பெற இயலாத பார்வையற்ற பெண் ஒருவருக்காக லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். பிறந்த மூன்று எஃப்-1 குட்டிகளுள் ஒன்றுதான் அவ்வீட்டிற்கு ஒத்துப்போயிற்று. அக்கலப்பைத் தொடங்கியதற்காக 2019இல் அவரே வெளிப்படையாக வருந்தினார். ஒவ்வாமை தராதவை எனப்படும் இனங்களை அளந்த 2012ஆம் ஆண்டின் ஆய்வொன்று, அவற்றின் முடியில் நாய் ஒவ்வாமைப் புரதம் ஏனைய நாய்களைவிடக் கூடுதலாகவே இருக்கக் கண்டது. குணம் பற்றிய வாக்குறுதிக்கும் இதே கதிதான். 18,000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டின் ஆய்வில், தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது.

அங்ஙனமாயின் தலைமுறைக் கணக்கு பயனற்றதா என்று வினவலாம். அன்று, அதன் பயன் வேறிடத்தில் உள்ளது. காக்கர் ஸ்பானியல், பூடில் இரண்டிலும் விழித்திரையைச் சிதைக்கும் ஒடுங்கு மரபணு ஒன்று காணப்படுகிறது. பெற்றோர் இருவரும் அதைச் சுமந்தால், எஃப்-1 குட்டிக்கும் பார்வை இழக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கலப்பு என்றாலே நலம் என்னும் நம்பிக்கை இங்கு உடைகிறது. இதற்கு மரபணுச் சோதனை உண்டு. ஆகவே தாய், தந்தை இரண்டையும் நேரிற் காண்பதும், சோதனை முடிவைக் கேட்பதும், குட்டிக்கு எட்டு வாரம் நிறைந்ததா என்று உறுதி செய்வதும், விற்பவர் 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விதிகளின்படி பதிவு பெற்றவரா என்று வினவுவதும் எஃப்-1 என்ற சொல்லைவிட நூறு மடங்கு அறிவியல் சார்ந்தவை.

இவ்வினாக்களைக் கேளாதபோது இழப்பு யாருக்கு? எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வளர்ந்த நாய்க்கு. இரவெல்லாம் இருமும் குழந்தைக்கு. கடன் வாங்கிக் குட்டி வாங்கிய குடும்பத்திற்கு. ஒரே அறையில் நாயையும் நோயையும் பிரித்துவைக்க இடமில்லை. ஈற்றில் நாய் சந்துக்கு வருகிறது. பசியால் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதற் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. பொய் வாக்குறுதி தந்தவரோ இக்கணக்கில் எங்கும் இல்லை.

தமிழில் இன நாயைக் குறிக்க வழங்கும் சொல் 'சாதி நாய்'. எஃப்-1 இங்கு இவ்வளவு எளிதில் வேரூன்றியதன் காரணம் அச்சொல்லில் இருக்கிறது. பிறப்பைக் கேட்டதும் குணம் தெரிந்துவிட்டதாக நம்பும் பழைய வழக்கத்திற்கு ஆய்வகக் குறியீடு ஒன்று கிடைத்துவிட்டது. 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி குருதித் தூய்மையைக் காக்கிறது என்ற வாதத்தை மறுக்க அம்பேத்கர் சான்றுக்கு அழைத்த மரபியலாளர்களுள் ஒருவர் பேட்சன். உயர்ந்த மனப்பண்புகள் ஏதேனும் ஒரு தனி முறைப்படி வழிவழி இறங்குவதாகக் கருத இடமில்லை என்ற அவர் கருத்தே அங்கு எடுத்தாளப்பட்டது. எஃப்-1 என்று எழுதிக் காட்டியவரே, அதைச் சாதிச் சான்றிதழாக்குவதற்கு எதிரான சாட்சியாகவும் நிற்கிறார்.

சீத்தா கேம்ப் இதை அறியாத ஊர் அன்று. 1976இல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்திற்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அங்கிருந்து அகற்றப்பட்டவர்களால் உருவான குடியிருப்பு இது. எங்கிருந்து வந்தாய், எந்த ஆண்டு முதல் இருக்கிறாய், தாள் எங்கே என்ற வினாக்கள் ஒரு வாழ்வை எவ்வளவு குறைவாகவே அறியும் என்பதை இம்மக்கள் பட்டறிந்தவர்கள். அதே அளவுகோலை ஒரு குட்டி நாயின்மீது வைக்கும் வணிகத்திற்கு, மரபியலின் சொற்களைப் பயின்றோர் இனியும் துணைபோகலாகாது.