பலகையை யார் மாட்டுவது?

கடைக்குள் வருகிறவர் சட்டைக்குள்ளே துப்பாக்கி வைத்திருக்கிறார். கடைக்காரர் ‘வா’ என்றும் சொல்லவில்லை, ‘வராதே’ என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதா, மறுப்பாக எடுத்துக்கொள்வதா? 2026 ஜனவரி 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்த ‘உல்ஃபோர்டு எதிர் லோபஸ்’ வழக்கின் சாரம் இவ்வளவுதான்.

ஹவாய் மாநிலம் 2023-இல் இதற்கு ஒரு விடை சொன்னது. மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வாங்கியவரே ஆனாலும், உரிமையாளர் வெளிப்படையாக அனுமதி தராத தனியார் கடை, ஓட்டல், பெட்ரோல் பங்க் எதற்குள்ளும் துப்பாக்கியோடு போகக் கூடாது. மாவி தீவைச் சேர்ந்த சில உரிமதாரர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். டிரம்ப் அரசும் அவர்கள் பக்கம் நின்றது. துப்பாக்கி ஆதரவாளர்கள் இதற்கு ‘ரத்தக்காட்டேரி விதி’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஊர்க் கதைகளில் காட்டேரி, அழைக்காத வீட்டுக்குள் கால் வைக்காதாம். கிண்டல் செய்யப்போய், காட்டேரிக்கு இருக்கும் நாகரிகம்கூடத் தங்களுக்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

டெக்சாஸில் கதை தலைகீழ். அங்கே உரிமதாரரின் மறைத்த துப்பாக்கி தன் கடைக்குள் வரக் கூடாது என்று நினைக்கும் முதலாளி, ஆளைப் பார்த்து நேரில் சொல்ல வேண்டும், அல்லது எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது பலகை மாட்ட வேண்டும். சும்மா ஒரு பலகை போதாது. தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவில் உள்ள வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருக்க வேண்டும். எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது ஓர் அங்குல உயரம். பின்னணிக்கு மாறுபட்ட நிறம். எல்லார் கண்ணிலும் படும் இடம். வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு வருகிறவருக்கு 30.07 என்று இன்னொரு பலகை. வருகிறவர் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லவோ எழுதிக் கொடுக்கவோ முடியாத டோனட் கடைக்காரர் தன் கண்ணாடிக் கதவில் பாதியைச் சட்ட வாசகத்துக்குத் தாரை வார்த்த பிறகுதான், தன் கடைக்குள் யார் எதோடு வரலாம் என்று சொல்ல முடியும்.

என்னை எரிச்சலூட்டுவது பலகையல்ல. அதே துப்பாக்கி ஆதரவாளர்கள் தங்கள் சொந்த இடத்துக்கு வந்ததும் பேசும் பேச்சு. ‘என் வீடு, என் நிலம், என் கடை, இங்கே இடுப்பில் செருகிக்கொள்ள எவனிடமும் உரிமம் கேட்க மாட்டேன்’ என்கிறார்கள். சட்டமும் தலையாட்டுகிறது. உரிமமே இல்லாமல் பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று 29 மாநிலங்கள் திறந்துவிட்டதை விடுங்கள். கெடுபிடிக்குப் பேர்போன நியூஜெர்சி, மேரிலாந்து, இல்லினாய் மாநிலங்களும் சொந்த வீட்டையும் சொந்த வியாபார இடத்தையும் இந்த உரிம விதியிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. சொத்துரிமை தனக்கென்றால் புனிதம், டோனட் கடைக்காரருக்கென்றால் அரசியல் சாசன விரோதம். மாமியார் உடைத்தால் மண்குடம்!

ஹவாய் தன் வாதத்துக்குத் துணையாக லூசியானாவின் 1865-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை எடுத்துக்காட்டியது; அது விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் ஆயுதத்தைப் பறிக்கப் பிறந்த சட்டம் என்று எதிர்த்தரப்பும் பழமைவாத நீதிபதிகளும் பிடித்துக்கொண்டார்கள். சாட்சி தேர்ந்தெடுத்ததில் ஹவாய்க்குச் சாமர்த்தியம் போதாது. அதற்காக 2023-இன் கடைக்காரர் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

ஆனால் இரு தரப்பும் சேர்ந்து மறைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கை எங்கே போனாலும் சொல்லி நண்பர்களைக் கொட்டாவி விட வைக்கிறவன் நான், இங்கேயும் சொல்கிறேன். 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் கொலையானவர்கள் 17,927. தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள் ஏறத்தாழ 27,300 பேர். அதாவது நூற்றுக்கு 58. இவற்றில் பெரும்பாலானவை நடந்தது மளிகைக் கடையிலோ ஓட்டலிலோ அல்ல, வீட்டில். உரிமம் தேவையில்லை என்று சட்டம் விலக்கு அளித்த அதே வீட்டில்.

கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2020-இல் வெளியானது. கைத்துப்பாக்கி வாங்கிய ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம், வாங்காதவர்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. தானே வாங்காவிட்டாலும், அது இருக்கும் வீட்டில் வாழ்வதே ஆபத்து: அத்தகையோர் கொலையாகும் விகிதம் இருமடங்குக்கு மேல் என்றது 2022-இல் வந்த அடுத்த ஆய்வு. ராத்திரியில் திருடன் வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில் சின்னது: உரிமம் வாங்கிய துப்பாக்கியும் சுடும்.

எச்-1பி விசாவில் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை. ஆனால் ஏதாவதொரு மாநிலத்தின் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடை விலகிவிடும். மான் வேட்டைச் சீட்டு அலமாரிக்குள் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து சேர்க்கும் நாட்டில் ‘சொந்த வீடு’ என்ற வாதம் எவ்வளவு மலிவானது என்று விளங்கும்.

வீட்டுக்குள் உரிமம் கேட்டால் சாசனம் தடுக்கும் என்பதும் கட்டுக்கதை. வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த 2008-இன் ஹெல்லர் தீர்ப்பில் நீதிபதி ஸ்காலியா கடைசியாக இட்ட உத்தரவைப் படியுங்கள்: தகுதியிழப்பு ஏதும் இல்லையென்றால் ஹெல்லரின் கைத்துப்பாக்கியைப் பதிவு செய்ய விட வேண்டும், வீட்டுக்குள் எடுத்து நடமாட அவருக்கு உரிமம் வழங்க வேண்டும். துப்பாக்கி ஆதரவாளர்கள் கொண்டாடும் தீர்ப்பிலேயே வீட்டுக்குள் உரிமம் உட்கார்ந்திருக்கிறது. நியூயார்க்கில் 1911 முதல் வீட்டில் கைத்துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும். வானம் இடிந்து விழவில்லை.

ஹவாயைப் பாருங்கள். அங்கே துப்பாக்கி வாங்குமுன் காவல்துறைத் தலைவரிடம் அனுமதி பெற வேண்டும். வாங்கிய ஐந்து நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். துப்பாக்கிச் சாவு விகிதம் நாட்டிலேயே மிகக் குறைவான மாநிலங்களில் அதுவும் ஒன்று. கடைவாசல் வழக்கில் அது ஜெயிக்கட்டும், தோற்கட்டும்; மற்ற மாநிலங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பகுதியை. சொந்த வீடு என்ற விலக்கை அது இருக்கும் மாநிலங்கள் எல்லாம் எடுத்துவிட்டால், அந்த 27,300-இல் பாதியாவது பத்தாண்டுக்குள் குறையும் என்று பந்தயம் கட்ட நான் தயார்.