பூட்டு எங்கே வேண்டும்?

கல்யாண வீட்டுச் சமையல் நடக்கிறது. ஒருவர் சாம்பாரைச் சுவைத்துப் பார்த்து, உப்பில்லை என்று உப்பெடுக்கத் திரும்புகிறார். அதற்குள் இன்னொருவரும் சுவைத்து அதே முடிவுக்கு வருகிறார். இருவரும் உப்பிட, சாம்பார் கெடுகிறது. தனித்தனியே பார்த்தால் இருவர் மீதும் குற்றமில்லை. பார்த்ததற்கும் போட்டதற்கும் நடுவே இருந்த இடைவெளிதான் குற்றம்.

கணிப்பொறியின் உட்கருவான கெர்னலிலும் இதே நிலை உண்டு. பல செயல் இழைகள் ஒரே நினைவிடத்தைப் பூட்டின்றித் தொட, அவற்றுள் ஒன்றேனும் அங்கு எழுதுமாயின், அதனை 'டேட்டா ரேஸ்' என்பர்.

லினக்ஸ் கெர்னலின் வலைத்தொடர்புப் பகுதியில் 2011-இல் நுழைந்த ஒரு பிழை 2016-இல்தான் திருத்தப்பட்டது. 'பாக்கெட் சாக்கெட்' ஒன்றின் பதிப்பு எண்ணை மாற்றுமுன், அதற்கு நினைவு வளையம் அமைந்துவிட்டதா என்று ஓர் இழை சோதிக்கும். 'இல்லை' என்று கண்டபின், எண்ணை மாற்றும் முன்பே, மற்றோர் இழை மூன்றாம் பதிப்புக்குரிய வளையத்தையும் அதற்கான டைமரையும் அமைத்துவிடக் கூடும். பிறகு சாக்கெட்டை மூடும்போது, பதிப்பு எண் மாறியிருப்பதால் டைமர் நிறுத்தப்படுவதில்லை. விடுவிக்கப்பட்ட நினைவிடத்தை அது மீண்டும் தொடுகிறது. இவ்வழியே சாதாரணப் பயனரும் சில அமைப்புகளில் முழு அதிகாரம் பெற இயன்றது. திருத்தமோ சில வரிகளே: சோதனையையும் மாற்றத்தையும், வளையம் அமைப்பதையும் ஒரே சாக்கெட் பூட்டுக்குள் கொண்டுவந்தனர்.

இத்தகைய மோதல்களை எச்சரிக்கும் 'கேசிசான்' என்னும் கருவி 2020-இல் லினக்ஸ் 5.8-இல் சேர்ந்தது. எச்சரிக்கை வந்ததும் அந்த வரிக்கு 'ரீட் ஒன்ஸ்', 'ரைட் ஒன்ஸ்' என்று குறியிட்டால் கருவி அடங்கிவிடும். வெறும் புள்ளிவிவர எண்ணிக்கைக்கு அது போதும். ஆனால் மேற்கண்ட பிழையில் ஒவ்வொரு வரிக்கும் குறியிட்டிருந்தாலும் இடைவெளி அப்படியே இருந்திருக்கும். கருவியின் வாயை அடைப்பது வேறு, பிழையைத் திருத்துவது வேறு.

பூட்டினால் வேகம் குறையுமே என்பர். ஒவ்வொரு பாக்கெட்டும் கடக்கும் பாதையில் அது நியாயமான கவலையே. தொடக்கத்தில் ஒருமுறை பதிப்பு எண் அமைக்கும் இடத்தில் அக்கவலை பொருந்துமா?

மாணவ நண்பர்களே! பத்து முறை ஓட்டிச் சரியான விடை வந்தால் நிரல் சரி என்று ரிக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறோம். அந்தப் பிழையும் ஐந்தாண்டுகள் ஓடியது! எந்த வரி மோதுகிறது என்பதோடு நில்லாமல், எது முதல் எதுவரை பிறர் குறுக்கிடக் கூடாது என்று கேட்கப் பழகுவோம்.