காளானும் புதினாவும்

தாகத்தால் வாடிய பெர்சேயுஸ் என்னும் வீரன் தரையிலிருந்த காளானொன்றைப் பிடுங்கினானாம். அவ்விடத்தில் நீர் ஊறிற்றாம். பருகி மகிழ்ந்தவன், தான் நிறுவிய மைசீனே நகருக்குக் காளானின் பெயரையே சூட்டினான் என்றொரு கதையை கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பவுசானியாஸ் எழுதி வைத்தார். கிரேக்கத்தில் காளான் 'மூக்கேஸ்', நகரம் 'மூக்கேனாய்'. ஒலியொப்பிலிருந்து பிறந்த கதையென்றே நாம் கருதுகிறோம். சளியைக் குறிக்கும் 'முக்ஸா' என்ற சொல்லோடு, வழவழப்பான காளானின் பெயரை அறிஞர் பலர் இணைப்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. (நம் தமிழ் மூக்கை இதில் நுழைக்க வேண்டாம்!)

அதே மைசீனேயில் கி.மு. 13-ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றின் எழுத்தை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்த பின்னர், கணக்கரின் சரக்குப் பட்டியல்கள் வாய் திறந்தன: சீரகம், எள், கொத்துமல்லி, புதினா. சீரகத்தின் 'கூமினோன்', எள்ளின் 'சேசமோன்' ஆகியவை கீழ்த்திசைச் செமித்திய மொழிகளிலிருந்து சரக்கோடு வந்திறங்கிய பெயர்கள். எபிரேயத்தில் சீரகம் 'கம்மோன்'.

புதினாவின் 'மிந்தே' அத்தகையதன்று. அதிலுள்ள 'ந்த்' ஒலி, புனித சின்னப்பர் திருமுகம் வரைந்த கொரிந்து முதலிய ஊர்ப்பெயர்களிலும் உண்டு. கிரேக்கர் வந்து குடியேறுமுன் அங்கு வாழ்ந்தோரின் சொல்லென்பர். அம்மக்களின் இலக்கியம் எதுவும் எஞ்சவில்லை. செடிகளின் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் எஞ்சின.

மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் (23:23) சீரகம் அதே 'கூமினோன்'தான். புதினாவுக்கோ, 'இனிய மணமுடையது' எனப் பொருள்படும் 'ஹேதுஓஸ்மோன்' என்ற கிரேக்கச் சொல் இடம்பெற்றது. ஆயினும் பழைய சொல் மாளவில்லை. இலத்தீனில் 'மெந்தா'வாகவும் ஆங்கிலத்தில் 'மின்ட்' ஆகவும் அது வழங்குகிறது.